பணம் காய்க்கும் மரம்: பிரிட்டிஷ் அரசியலில் ஆதரவுக்கு நிதி தரும் உடன்பாடுகளும் கட்சிகளின் இரட்டை வேடமும்

2017 ஜூன் 2ஆம் தேதி இரவு, யார்க் நகரில் பிபிசி நடத்திய தேர்தல் நிகழ்ச்சியில், பார்வையாளர் வரிசையில் இருந்த செவிலியர் ஒருவர், தம் ஊதியம் ஆண்டுக்கணக்காக உயராமல் கிடப்பதைப் பற்றிப் பிரதமர் தெரசா மேயிடம் கேட்டார். உலுக்கியவுடன் வேண்டிய அளவு பணத்தைக் கொட்டும் மாய மரம் எதுவும் இல்லை என்பதே மே அளித்த பதிலின் சாரம். பொம்மை கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையிடம் ‘பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?’ என்று நம் வீடுகளில் சொல்வது போன்ற பதில் அது. ஆறு நாட்களில் தேர்தல் நடந்தது. மேயின் கன்சர்வேட்டிவ் கட்சி நாடாளுமன்றப் பெரும்பான்மையை இழந்தது. அந்தப் பதில் சொல்லப்பட்டு 24 நாட்களே கழிந்த நிலையில், ஜூன் 26 அன்று டவுனிங் தெருவில் ஓர் உடன்பாடு கையெழுத்தாகி, வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி கிடைத்தது. அதைப் பெற்றுத் தந்தது, வட அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே இருக்கவேண்டும் என்று கோரும், 10 எம்.பி.க்களை மட்டுமே கொண்ட ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி, சுருக்கமாக டி.யூ.பி.

அன்று மாலைக்குள் பிரிட்டனின் எல்லாக் கட்சிகளும் ஒன்றையொன்று இரட்டை வேடக்காரர்கள் என்று குற்றம் சாட்டத் தொடங்கியிருந்தன. இத்தகைய உடன்பாடு எதற்காகச் செய்யப்படுகிறது, அதில் பணம் எந்த வழியாகப் போகிறது, எது உண்மையிலேயே இரட்டை வேடம், எது வெறும் அரசியல் கூச்சல் என்பதைப் புதிதாக அறிய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். பிரிட்டனின் மக்களவையில் 650 இடங்கள் உள்ளன. 2017 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 317 இடங்கள் கிடைத்தன. வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சி வென்ற ஏழு இடங்கள் எப்போதும் காலியாகவே இருக்கும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காத அக்கட்சியின் உறுப்பினர்கள் அவையில் அமர்வதில்லை. சபாநாயகரும் துணைச் சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மேயின் கட்சிக்குச் சில வாக்குகள் குறைந்தன, டி.யூ.பி.யின் பத்தும் சேர்ந்தால் ஓரளவு நிம்மதியாக மூச்சுவிடலாம் என்ற நிலை.

இப்படிப்பட்ட தொங்கு நாடாளுமன்றத்தில் பெரிய கட்சியின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. 2010இல் டேவிட் கேமரூன் லிபரல் டெமாக்ரட் கட்சியுடன் செய்ததுபோல், அமைச்சர் பதவிகளைப் பகிர்ந்துகொண்டு முழுக் கூட்டணி அமைக்கலாம். யாருடனும் சேராமல், ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனியே ஆதரவு திரட்டிக் காலம் தள்ளலாம். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘நம்பிக்கை மற்றும் நிதி வழங்கல்’ உடன்பாடு. இந்திய அரசியலைக் கவனிப்பவர்கள் இதை ‘வெளியிலிருந்து ஆதரவு’ என்ற பெயரில் அறிவார்கள். ஆதரவு தரும் கட்சி அமைச்சரவையில் சேராது. ஆனால் அரசின் உயிர் ஊசலாடும் வாக்கெடுப்புகளில் அரசின் பக்கம் நிற்கும்.

அந்த வாக்கெடுப்புகள் எவை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஒன்று, அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு. மற்றொன்று நிதி வழங்கல், அதாவது அரசு செலவு செய்வதற்கும் வரி வசூலிப்பதற்கும் அவை தரவேண்டிய அனுமதி. மன்னர் ஆட்சி நடத்தப் பணம் வேண்டுமென்றால் மக்களவையின் முன் வந்து நிற்கவேண்டும் என்ற பழைய மரபின் எச்சம் இது. இவ்விரண்டிலும் தோற்காத அரசு, மற்ற மசோதாக்களில் தோற்றாலும் பதவியில் நீடிக்க முடியும். 2017 உடன்பாட்டில் இவற்றோடு, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது தொடர்பான சட்டங்களும் தேசப் பாதுகாப்புச் சட்டங்களும் சேர்க்கப்பட்டன. மற்ற விஷயங்களில் டி.யூ.பி. தன் விருப்பப்படி வாக்களிக்கலாம்.

கன்சர்வேட்டிவ் தரப்பில் தலைமைக் கொறடா கேவின் வில்லியம்சனும் டி.யூ.பி. தரப்பில் அதன் கொறடா ஜெஃப்ரி டொனால்ட்சனும் கையெழுத்திட்ட அந்த ஆவணத்துடன், பணம் எதற்குப் போகிறது என்ற விவரமும் வெளியிடப்பட்டது. சாலை முதலிய உள்கட்டமைப்புக்கு 40 கோடி பவுண்டு. சுகாதாரத் துறைச் சீரமைப்புக்கு 20 கோடி. அதிவேக இணைய இணைப்புக்கு 15 கோடி. மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் உடனடி நெருக்கடியைச் சமாளிக்க 10 கோடி. மிகவும் பின்தங்கிய பகுதிகளுக்கு 10 கோடி. மனநல சேவைகளுக்கு 5 கோடி. கூட்டினால் 100 கோடி. ஏற்கெனவே அறிவித்து வைத்திருந்த ஏறத்தாழ 50 கோடியைச் செலவிடுவதில் கூடுதல் தளர்வும் தரப்பட்டது. வட அயர்லாந்தின் மக்கள்தொகை 19 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு என்பதால், தலைக்கு 500 பவுண்டுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள், ஒரு எம்.பி.யின் வாக்குக்கு 10 கோடி பவுண்டு என்று கேலி செய்தவர்களும் உண்டு.

இந்தக் கேலியில் ஒரு பகுதி மட்டுமே நியாயமானது. உடன்பாட்டின் பணம் டி.யூ.பி.யின் கைக்கோ அதன் எம்.பி.க்களின் பைக்கோ போகவில்லை. பொதுமக்களின் மருத்துவமனைக்கும் சாலைக்கும் போனது. அந்த உடன்பாட்டைக் கடுமையாக எதிர்த்த மற்ற வட அயர்லாந்துக் கட்சிகள்கூட, பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு கால வன்முறை விட்டுச்சென்ற மனநலச் சிக்கல்களும் பொருளாதாரப் பின்னடைவும் அப்பகுதிக்கு உண்டு என்பதும், அதன் வரலாறு தனித்தன்மையானது என்று உடன்பாடே எழுதிக் காட்டியதும் வெறும் சாக்குப்போக்குகள் அல்ல. ஆனால் அந்தத் தேவைகள் தேர்தல் நாளான ஜூன் 8க்கு முன்பும் இருந்தன. அப்போது கண்ணில் படாத தேவை, பத்து வாக்குகள் தேவைப்பட்டவுடன் பளிச்சென்று தெரிந்தது என்பதுதான் மக்களை உறுத்தியது.

சட்டப்படி இன்னொரு விந்தையும் இதில் உண்டு. இரண்டு கொறடாக்கள் கையெழுத்திட்டுவிட்டால் கருவூலத்திலிருந்து பணம் கிளம்பிவிடாது. ஜினா மில்லர் என்ற செயற்பாட்டாளர் சட்ட நடவடிக்கைக்கு முனைந்தபோது, இந்த நிதிக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. நிதி வழங்கல் வாக்கெடுப்பில் ஆதரவு தருவதற்காக வாக்குறுதி அளிக்கப்பட்ட நிதிக்கே ஒரு நிதி வழங்கல் வாக்கெடுப்பு தேவைப்பட்டது. அதன் பிறகு 2018–19ஆம் ஆண்டுக்கான வட அயர்லாந்து வரவுசெலவுத் திட்டத்தில் 41 கோடி பவுண்டு சேர்க்கப்பட்டது. இதற்கிடையில் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டிய, வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்ட்டின் பகிர்ந்தாளும் அரசு 2017 ஜனவரியிலேயே கவிழ்ந்திருந்தது. 2020 ஜனவரி வரை அது மீளவில்லை. கவிழ்ந்ததற்கு உடனடிக் காரணம், புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கு அரசு தந்த மானியத் திட்டம் ஒன்று செலவுக் கட்டுப்பாட்டை மீறிப் போன சர்ச்சை. அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர், உடன்பாட்டுக்குப் பேரம் பேசிய டி.யூ.பி.யின் தலைவர் ஆர்லீன் ஃபாஸ்டர்.

பார்னெட் சூத்திரம்: எல்லோரும் சுட்டிக்காட்டிய, சிலரே படித்த விதி

உடன்பாடு வெளியானவுடன் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவிலிருந்தும் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபிலிருந்தும் எழுந்த கூக்குரல்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது. 1970களின் பிற்பகுதியில் தொழிலாளர் கட்சி அரசில் கருவூலத்தின் தலைமைச் செயலராக இருந்த ஜோயல் பார்னெட்டின் பெயரால் வழங்கும் சூத்திரம் அது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு லண்டனிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு கூடுதலாகப் போகவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. கல்வி, சுகாதாரம் போன்ற, அந்தந்தப் பகுதியின் அரசிடம் ஒப்படைக்கப்பட்ட துறைகளில் இங்கிலாந்துக்கான செலவு உயர்ந்தால், அந்த உயர்வில் மக்கள்தொகை விகிதப்படி ஒரு பங்கு மற்ற மூன்றுக்கும் போகும். குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். இது சட்டம் அல்ல. கருவூலம் பின்பற்றும் நடைமுறை விதி.

வட அயர்லாந்துக்கு 100 கோடி என்றால், மக்கள்தொகைப்படி ஸ்காட்லாந்துக்கு ஏறத்தாழ 290 கோடியும் வேல்ஸுக்கு ஏறத்தாழ 170 கோடியும் வரவேண்டாமா என்று அங்கிருந்த தலைவர்கள் கேட்டார்கள். கேள்வி மனத்தைத் தொடுகிறது. ஆனால் மேலே சொன்ன விதியை மீண்டும் படித்துப் பாருங்கள். சூத்திரம் இங்கிலாந்தின் செலவிலிருந்து மற்றவற்றுக்குப் பாய்வது. வட அயர்லாந்தின் செலவிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பாய்வதற்கு அதில் வாய்க்கால் எதுவும் இல்லை. எனவே ‘பார்னெட்டை மீறிவிட்டார்கள்’ என்று சொல்வதைவிட, ‘பார்னெட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்’ என்று சொல்வதே துல்லியம். நகரங்களுக்கான தனி வளர்ச்சி உடன்பாடுகளைப் போலவே இதுவும் சூத்திரத்துக்கு வெளியே நிற்கிறது என்று அரசு வாதிட்டது. எழுத்தளவில் அந்த வாதம் நிற்கும். எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவுகோலால் அளப்பதற்காகத்தான் சூத்திரமே இருக்கிறது என்பவர்களுக்கு அது போதுமானதாக இல்லை.

இங்கேதான் முதல் தெளிவான இரட்டை வேடத்தைக் காண்கிறோம். உடன்பாடு கையெழுத்தாவதற்கு முன், ஸ்காட்லாந்து விவகார அமைச்சர் டேவிட் மண்டல், வட அயர்லாந்துக்குக் கொல்லைப்புற வழியாக நிதி தருவதாகக் கருதப்படக்கூடிய எதற்கும் தாம் உடன்படப் போவதில்லை என்று கூறியிருந்தார். கையெழுத்தான பிறகு, இது பார்னெட்டின் எல்லைக்குள் வராது என்று விளக்கியவர்களில் அவரும் ஒருவர். பதவியிலும் நீடித்தார்.

குற்றம் சாட்டியவர்களின் கைகள்

ஒரு கட்சி பேரம் பேசுவதே இரட்டை வேடம் ஆகிவிடாது. கொள்கையை மாற்றிக்கொள்வதும், மாற்றியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், இரட்டை வேடம் ஆகாது. பிறர் செய்தால் பாவம் என்று சொன்ன ஒன்றை, தான் செய்யும்போது புண்ணியம் என்று சொல்வதே இரட்டை வேடம். ‘படிப்பது திருவாசகம், இடிப்பது சிவன் கோயில்’ என்ற நம் பழமொழி இதைத்தான் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: செய்தியில் உள்ள கட்சிப் பெயர்களை இடம் மாற்றிப் படிப்பது. பெயர் மாறியவுடன் ஒரு கட்சியின் தீர்ப்பும் மாறுகிறதென்றால், அது கூறிவந்தது கொள்கை அல்ல.

இந்தச் சோதனையைக் கன்சர்வேட்டிவ் கட்சியிடம் முதலில் வைக்கலாம். 2015 தேர்தலில் அக்கட்சி ஒட்டிய விளம்பரத் தட்டியில், தொழிலாளர் கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட், ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அலெக்ஸ் சால்மண்டுடைய சட்டைப்பையில் ஒரு பொம்மையைப்போல் அமர்ந்திருப்பார். ஒரு சிறு பகுதியின் கட்சி நாட்டின் பணப்பையைப் பிடித்துவைத்து அரசை ஆட்டிப்படைக்கும் என்பதே அதன் செய்தி. 2017 பிரச்சாரத்தில், எதிர்க்கட்சிகள் சேர்ந்தால் குழப்பக் கூட்டணிதான் அமையும் என்ற எச்சரிக்கை மேடைதோறும் ஒலித்தது. ஒரு மாதத்துக்குள், ஒரு சிறு பகுதியின் கட்சியுடைய சட்டைப்பையில் அவர்களே அமர்ந்திருந்தார்கள். பெயர்களை மாற்றிப் படிக்கும் வேலையை வாக்காளர்களே அவர்களுக்குச் செய்து கொடுத்துவிட்டார்கள்.

என் பார்வையில் இதைவிடப் பெரிய முரண் அந்தச் செவிலியருக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது. பொதுத்துறை ஊழியர்களின் ஊதிய உயர்வுக்கு அப்போது 1 சதவீத உச்சவரம்பு இருந்தது. அதைத் தளர்த்தவேண்டும் என்ற தொழிலாளர் கட்சியின் திருத்தம், உடன்பாடு கையெழுத்தாகி இரண்டே நாட்களில், ஜூன் 28 அன்று, 323க்கு 309 என்ற கணக்கில் தோற்கடிக்கப்பட்டது. டி.யூ.பி.யின் பத்துப் பேரும் எதிர்ப்பக்கம் சென்றிருந்தால் 313க்கு 319 என்று அரசு தோற்றிருக்கும். ஓர் அரசு எதற்குச் செலவிடுவது, எதற்கு மறுப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். அது அரசியலின் இயல்பு. ஆனால் மே தம் மறுப்பை ஒரு தேர்வாகச் சொல்லவில்லை; இயற்கை விதிபோல, ‘மரமே கிடையாது’ என்று சொன்னார். 24 நாட்களில் பொய்த்துப்போனது அந்த விதி. ஆளுங்கட்சியின் வேடம் கலைந்தது பணம் கொடுத்ததில் அல்ல, ‘முடியாது’ என்று சொல்லிவந்தது உண்மையில் ‘விரும்பவில்லை’ என்பதாக இருந்தது அம்பலமானதில்.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில், சுகாதாரத் துறையின் ஊதிய உச்சவரம்பை நீக்கக் கோரித் தொழிலாளர் கட்சி கொண்டுவந்த தீர்மானத்தை ஆதரிப்பதாக டி.யூ.பி. அறிவித்தது. அது அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம் என்பதால் அரசு வாக்கெடுப்புக்கே நிற்காமல் ஒதுங்கிக்கொண்டது. கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பில் அரசுடனும், கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பில் செவிலியர்களுடனும் நின்ற அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று அழைப்பது என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்.

இப்போது குற்றம் சாட்டியவர்களுக்கு வருவோம். வேல்ஸின் முதலமைச்சராக இருந்த தொழிலாளர் கட்சியின் கார்வின் ஜோன்ஸ், இந்த உடன்பாட்டை அப்பட்டமான கையூட்டு என்ற பொருள்படும் கொச்சைச் சொல்லால் சாடினார். ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் இதை வெட்கமற்ற அழுக்குப் பேரம் என்றார். ஆனால் ஜோன்ஸின் அரசு 2016இல் தன் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற, வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கிம்ருவுடன் 11.9 கோடி பவுண்டுக்கு உடன்பாடு செய்திருந்தது; 2017 அக்டோபரில் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 21 கோடி பவுண்டுக்கு மற்றொன்று. ஸ்டர்ஜனின் அரசு 2017 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துப் பசுமைக் கட்சியின் வாக்குகளைப் பெற, உள்ளாட்சிச் சேவைகளுக்கு 16 கோடி பவுண்டு கூடுதலாகத் தந்தது. அதற்கும் முன்னால், 2009இல் சிறுபான்மை அரசாக இருந்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சியிடம், நகர மையங்களைப் புதுப்பிக்க 6 கோடி பவுண்டு நிதியைப் பேசிப் பெற்றவர்கள் வேறு யாருமல்ல, ஸ்காட்லாந்தின் கன்சர்வேட்டிவ் கட்சியினர்.

இவற்றையெல்லாம் ஒரே தராசில் வைப்பது நேர்மையாகாது என்ற வாதத்துக்கு உரிய மதிப்பைக் கொடுக்கவேண்டும். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் நடந்தவை, அந்தந்த அரசு தன் சொந்தப் பையிலிருந்து தன் எல்லைக்குள் எல்லோருக்குமாகச் செலவிடுவதைப் பற்றிய பேரங்கள். 2017இல் நடந்தது, நான்கு பகுதிகளின் பொதுப் பையிலிருந்து ஒரு பகுதிக்கு மட்டும் தனியே எடுத்துக் கொடுத்தது. இந்த வேறுபாடு உண்மையானது. விமர்சகர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசியிருந்தால் அவர்களின் வாதம் வலுவாக நின்றிருக்கும். வாக்குக்குப் பதிலாகச் செலவு என்பதையே கறையாகச் சித்தரித்தபோது, அந்தக் கறை தங்கள் விரலிலும் இருப்பதை அவர்கள் மறந்தார்கள்.

டி.யூ.பி.யின் மக்களவைத் தலைவர் நைஜல் டாட்ஸ் அதை மறக்கவிடவில்லை. உடன்பாடு கையெழுத்தான அன்றே அவையில் எழுந்து, 2010இலும் 2015இலும் தொழிலாளர் கட்சி, ஸ்காட்லாந்து தேசியக் கட்சி முதலியவற்றின் சார்பில் தங்களுடன் நடந்த கடிதப் பரிமாற்றங்களை வெளியிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டு, எதிர்வரிசையின் ஆவேசம் போலியானது, இரட்டை வேடத்தின் உச்சம் என்றார். 

டாட்ஸின் கட்சிக்கும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு இல்லை. வட அயர்லாந்து பிரிட்டனின் பிற பகுதிகளைப் போலவே எல்லா வகையிலும் நடத்தப்படவேண்டும் என்பதே யூனியனிஸ்ட் அரசியலின் உயிர்நாடி. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும்போது தங்களுக்கு மட்டும் தனி விதி கூடாது என்று அவர்கள் வாதிட்டதும் இதனால்தான். நிதி என்று வரும்போது தனி ஏற்பாடு இனித்தது. கருக்கலைப்பு, ஒருபால் திருமணம் என்று வரும்போது தனிச் சட்டமே வேண்டும் என்றார்கள்.

பழைய கணக்குகள்

2017 உடன்பாட்டைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் மறந்த ஒரு நாள் 1979 மார்ச் 28. ஜேம்ஸ் கலாஹனின் தொழிலாளர் கட்சி அரசு பெரும்பான்மை இல்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்தது. மார்கரெட் தாட்சர் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஓரிரு வாக்குகளில் முடிவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது வேல்ஸ் தேசியவாதிகளான பிளைட் கிம்ருவின் மூன்று எம்.பி.க்கள் அரசின் பக்கம் நின்றார்கள். அவர்கள் கேட்ட விலை, ஸ்லேட் கற்சுரங்கங்களில் உழைத்து நுரையீரலில் தூசி படிந்து நோயுற்ற தொழிலாளர்களுக்கு இழப்பீடு. வழக்குத் தொடுக்க வழியில்லாதபடி அவர்களின் முதலாளிகளின் நிறுவனங்கள் பல மூடப்பட்டுவிட்டிருந்தன. அரசு 311க்கு 310 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. ஆனால் இழப்பீட்டுச் சட்டம் நாடாளுமன்றம் கலைவதற்கு முந்தைய சில நாட்களில் நிறைவேறியது. அதன் கீழ் இன்றும் இழப்பீடு வழங்கப்படுகிறது.

வாக்குக்கு விலை என்ற ஒரே வரியில் இதையும் அடக்கிவிடலாம். மூச்சுத் திணறிக் கிடந்த சுரங்கத் தொழிலாளரின் வீட்டுக்குப் போய் அதைக் கையூட்டு என்று சொல்வதற்கு யாருக்கு மனம் வரும்? அதற்கு முந்தைய ஆண்டுகளில் யூனியனிஸ்டுகளின் நல்லெண்ணத்தைத் தக்கவைக்க, வட அயர்லாந்தின் மக்களவைத் தொகுதிகளை 12இலிருந்து 17ஆக உயர்த்தும் சட்டத்துக்கும் அதே அரசு வழிவிட்டது. அவ்வளவு தந்தும் யூனியனிஸ்டுகளில் பெரும்பாலோர் அந்த இரவில் எதிர்த்தே வாக்களித்தார்கள்.

1993இல் ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கை தொடர்பான வாக்கெடுப்புகளில் ஜான் மேஜரின் கன்சர்வேட்டிவ் அரசு தத்தளித்தபோது, வட அயர்லாந்தின் மற்றொரு யூனியனிஸ்ட் கட்சியான அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சி கைகொடுத்தது. எதுவும் கேட்கப்படவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை என்றார் மேஜர். அடுத்த ஆண்டே, யூனியனிஸ்டுகள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த வட அயர்லாந்து விவகார நாடாளுமன்றக் குழு அமைக்கப்பட்டது. 2017இல் டி.யூ.பி. உடன்பாடு வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்த மூத்த கன்சர்வேட்டிவ் தலைவரும் இதே மேஜர்தான். அவருடைய கவலை பணத்தைப் பற்றியது அல்ல. வட அயர்லாந்தின் சமாதான ஏற்பாட்டில் நடுவராக நிற்கவேண்டிய அரசு ஒரு தரப்பைச் சார்ந்து நிற்பதைப் பற்றியது. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. தம் காலத்து அனுபவமும் அதற்குள் இருந்திருக்கும் என்று நினைக்க இடமுண்டு.

2008 ஜூன் 11 அன்று பயங்கரவாதச் சந்தேக நபர்களைக் குற்றச்சாட்டு இன்றி 42 நாட்கள் காவலில் வைக்க வகைசெய்யும் விதி, கோர்டன் பிரவுனின் தொழிலாளர் கட்சி அரசுக்கு 315க்கு 306 என்ற ஒன்பது வாக்கு வேறுபாட்டில் கிடைத்தது. டி.யூ.பி.யின் ஒன்பது எம்.பி.க்களும் அரசுக்கு வாக்களித்திருந்தார்கள். வாக்குகள் விலைக்கு வாங்கப்பட்டன என்று அப்போது கொதித்தெழுந்தவர்கள் கன்சர்வேட்டிவ் கட்சியினர். எந்தப் பேரமும் இல்லை என்று மறுத்தவர்கள் தொழிலாளர் கட்சியும் டி.யூ.பி.யும். ஒன்பது ஆண்டுகள் கழித்து இருக்கைகள் மாறின, டி.யூ.பி. மட்டும் இரண்டு முறையும் அதே இடத்தில் இருந்தது.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 2017 உடன்பாட்டின் ஒரு தன்மை கவனத்துக்கு வருகிறது. 1993இலும் 2008இலும் விலை எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். 2017இல் விலையை வரி வரியாக அச்சிட்டு வெளியிட்டார்கள். மிக உரத்த கண்டனத்தைப் பெற்றது வெளிப்படையாக நடந்த அந்தப் பேரமே. மறைவாக நடந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவை, நிரூபிக்க முடியாதவை என்பதாலேயே சில வாரங்களில் மறக்கப்பட்டன. விலையை வெளியிடுவது கட்சிகளுக்கு இலாபகரமாக இருக்காது என்ற பாடத்தைத்தான் கண்டனக்காரர்கள் அறியாமலே கற்பித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆதரவு வேண்டிப் பணம் தருவது எப்போதும் எழுதப்பட்ட உடன்பாட்டோடுதான் நடக்கும் என்றும் இல்லை. 2019 மார்ச்சில் மேயின் அரசு, பின்தங்கிய நகரங்களுக்காக 160 கோடி பவுண்டு நிதியை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் உடன்படிக்கைக்குத் தொழிலாளர் கட்சியின் சில எம்.பி.க்களுடைய வாக்குகள் தேவைப்பட்ட வாரங்கள் அவை. தொழிலாளர் கட்சித் தலைமை இதைக் கையூட்டு என்று வர்ணித்தது. ஆனால் தங்கள் தொகுதிகளுக்கு நிதி தரவேண்டும் என்று அரசிடம் வெளிப்படையாகக் கேட்டவர்களில் அக்கட்சியின் எம்.பி.யான ஜான் மேனும் இருந்தார். வாக்களித்தாலும் அளிக்காவிட்டாலும் நிதி உண்டு என்று அரசு சொன்னது. உடன்பாட்டு ஆவணம் இல்லாததால், யார் எதற்கு எதைப் பெற்றார் என்று சரிபார்க்கவும் வழியில்லை.

பத்து வாக்குகளின் முடிவு

இத்தகைய உடன்பாடு எவ்வளவு குறுகிய பொருளில் வேலை செய்கிறது என்பதை 2019 ஜனவரியின் இரண்டு இரவுகள் காட்டின. 15ஆம் தேதி மேயின் வெளியேற்ற உடன்படிக்கை 432க்கு 202 என்று படுதோல்வி அடைந்தது, டி.யூ.பி.யின் பத்துப் பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். மறுநாள் இரவு அரசின் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது அதே பத்துப் பேர் அரசைக் காப்பாற்றினார்கள்: 325க்கு 306. அவர்கள் அன்று எதிர்ப்பக்கம் நின்றிருந்தால் கணக்கு 315க்கு 316 ஆகியிருக்கும். 100 கோடி பவுண்டு வாங்கித் தந்தது பிரதமரின் நாற்காலியை மட்டுமே, அவருடைய கொள்கையை அல்ல.

மேயின் இடத்துக்குப் பின்னர் வந்த போரிஸ் ஜான்சன், 2018 நவம்பரில் பெல்ஃபாஸ்ட்டில் நடந்த டி.யூ.பி. மாநாட்டில் சிறப்புப் பேச்சாளராக எழுந்து, வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் பிற பகுதிகளுக்கும் இடையே சரக்குச் சோதனைகளை ஏற்படுத்தும் ஏற்பாட்டை எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் ஏற்கமுடியாது என்று பேசிக் கைதட்டல் வாங்கியவர். 2019 அக்டோபரில் அப்படிப்பட்ட ஏற்பாட்டைக் கொண்ட உடன்படிக்கைக்கு அவரே இசைந்தார். டிசம்பர் தேர்தலில் அவருக்கு 365 இடங்கள் கிடைத்தன. டி.யூ.பி. எட்டாகக் குறைந்தது; நைஜல் டாட்ஸ் தம் தொகுதியையே இழந்தார். 2020 ஜனவரி 9 அன்று வெளியேற்றச் சட்டம் மக்களவையின் இறுதி வாசிப்பில் 330க்கு 231 என்று நிறைவேறியபோது, எதிர்த்த 231 பேரில் டி.யூ.பி.யின் எட்டுப் பேரும் இருந்தார்கள். அப்போது அவர்களின் வாக்கு யாருக்கும் தேவைப்படவில்லை.